மேகத்துக்குள் எடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதச் சொல்லி என்னைக் கேட்டது ஒரு கம்பெனி. கதை என்று அவர்கள் சொல்லவில்லை, வெற்றிக் கதை என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் வத்தலக்குண்டுக்கும் கிளாவரைக்கும் உள்ள தூரம் இருக்கிறது. அதுவும் மலைப்பாதையில்.

கோவையில் இருக்கும் சின்னக் கம்பெனி அது. பூண்டு வயலில் களையை மட்டும் பார்த்து மருந்தடிக்கும் தள்ளுவண்டி ஒன்றைச் செய்கிறார்கள். விளம்பரக் கையேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு விவசாயியின் கதை வேண்டும். அறுநூறு வார்த்தை. முதலில் கஷ்டம், நடுவில் வண்டி, கடைசியில் சிரிப்பு. சிரிப்புக்கான புகைப்படத்தை முன்னாடியே எடுத்து வைத்திருந்தார்கள். வத்தலக்குண்டில் உட்கார்ந்து இப்படி எழுதிக் கொடுத்துத்தான் நான் பிழைக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அடித்ததை அழிக்காமல் விட்டிருக்கிறேன், பாருங்கள்.

[அன்னக்கொடியின் முகத்தில் இப்போதெல்லாம் கவலையே இல்லை. காரணம்—]

[மேகங்கள் தவழும் மலைமுகட்டில், எழில் கொஞ்சும் கிளாவரை என்னும்—]

["இந்த வண்டி வந்ததிலிருந்து எனக்கு நேரம் மிச்சம்" என்று புன்னகையோடு சொல்கிறார்—]

மூன்றாவதை எழுதும்போதுதான், அன்னக்கொடி இதைச் சொன்னாரா என்று அவரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றியது. கம்பெனி கொடுத்த எண்ணுக்கு அழைத்தேன். மணியே போகவில்லை. மறுநாள் பஸ் ஏறினேன். ஜூலை மாதக் கடைசி.

2

அன்னக்கொடிக்கு நாற்பத்து மூன்று வயது. கிளாவரையில் சரிவில் வெட்டிய நான்கு படி வயலில் பூண்டும் கேரட்டும் போடுகிறார். கணவர் பொன்னுவேல் மூட்டைகளோடு சந்தைக்குப் போய்விட்டால் எல்லாச் சோலியும் இவருடையது. என் கையில் நோட்டைப் பார்த்ததும் "வாங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

"சரிங்க டீச்சர்" என்றார்.

"வண்டி வந்ததுல இருந்து நேரம் மிச்சம்னு நீங்க சொன்னதா எழுதச் சொல்லியிருக்காங்க."

"யாரு, நானா? வாங்க, காட்டுறேன்."

மூன்றாவது படிக்குக் கூட்டிப்போனார். பச்சைக்கு நடுவே மூன்று வரிசை வைக்கோல் நிறத்தில் சாய்ந்திருந்தது. ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் வைத்தார். பூண்டு வாசனைகூட வரவில்லை.

"களைன்னு நெனச்சு பூண்டுக்கு மருந்தடிச்சிருச்சு. பதினோரு நாளாச்சு. வேரு வரைக்கும் செத்துக் கெடக்கு."

"அப்ப, அந்தச் சிரிச்ச போட்டோ?"

"அது வண்டி வரதுக்கு முந்தி எடுத்தது. அப்பச் சிரிச்சேன், இல்லைங்கல."

வரிசையின் மறுமுனையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, மடியில் மடிக்கணினியோடு, செத்த செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சுசித்ரா. வண்டிக்குக் கண் வைத்தவள்.

3

[இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்தேன். முதல் முறை பாடப்புத்தகம் மாதிரி வந்தது. இரண்டாம் முறை எனக்கே புரியவில்லை. இது மூன்றாவது.]

சுசித்ரா பழனிக்காரி. அப்பா திருமலைச்சாமி அடிவாரத்தில் விபூதியும் கற்பூரமும் சாமி படமும் விற்கிறார். மகள் கோவையில் பொறியியல் படித்து, அங்கேயே இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். அவளுடைய வேலை இதுதான்: கேமரா எடுக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் பயிரா, களையா, மண்ணா என்று பிரித்துச் சொல்ல வண்டிக்குக் கற்றுக்கொடுப்பது. பயிருக்குப் பச்சை, களைக்குச் சிவப்பு, மண்ணுக்குப் பழுப்பு. சிவப்பு தெரிந்த இடத்தில் மருந்துக் குழாய் திறக்கும்.

வழக்கமாக இந்த மாதிரி மூளை எங்கோ ஒரு பெரிய கணினியில் இருக்கும். படத்தை அங்கே அனுப்பிப் பதில் வாங்கலாம். கிளாவரையில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் மூளை வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லில் அடங்க வேண்டும். கோவையில் ஒரு பெரிய மூளையை, அவள் மொழியில் 'மாடலை', பழக்கி, அதை வாத்தியாராக வைத்து ஒரு குட்டி மாடலுக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு அதையும் செதுக்கிச் செதுக்கிச் சுருக்குவாள். கடைசியில் வந்த மாடல், வாட்ஸப்பில் மாமா அனுப்பும் காலை வணக்கப் படத்தைவிடச் சின்னது.

(கஷ்டம் என்னவென்றால் பூண்டும் புல்லும் ஒரே சாடை. இரண்டுமே நீட்டமாக, மெல்லிசாக, பச்சையாக நிற்கும். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜூலையில் ஒரு பூண்டு வயலுக்குப் போய்ப் பத்தடி தள்ளி நின்று பார்க்கலாம். நான் பார்த்தேன். தோற்றேன்.)

மாதிரிப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையை முதலில் ஏதோ ஒரு நகரத்து அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பூண்டுக்கெல்லாம் சிவப்பு அடித்திருந்தார்கள். அதனால்தான் சுசித்ரா ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கிளாவரைக்கு வந்தாள். கேட்ட ஏழெட்டுப் பேரில் அன்னக்கொடி மட்டும்தான் உட்கார்ந்தார்.

"எப்படிக்கா பாத்ததும் சொல்றீங்க?"

"பூண்டு எல நடுவுல மடிஞ்சு நிக்கும். புல்லு தரையப் பாத்து வளையும். இதக்கூடவா காலேஜுல சொல்லித் தரல?"

"இல்லக்கா. காலேஜுல நாய் படமும் பூனை படமும்தான் குடுத்தாங்க."

"நாயையும் பூனையையும் பிரிக்கிறதுக்கு நாலு வருசமா படிச்சே?"

அந்தப் பனிக்காலம் முழுக்க அன்னக்கொடி வண்ணம் தீட்டினார். ஆயிரத்து நானூற்று அறுபது படங்கள். அவற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு, மேகம் வயலுக்குள் இறங்கியிருந்தபோது எடுத்தவை. அந்தப் படங்களில் சில இடங்களை அவர் தீட்டவே இல்லை.

"இங்க ஏன்க்கா வெத்தா விட்டுட்டீங்க?"

"தெரியலம்மா. வெறும் சாம்பலாக் கெடக்கு. தெரியாததுக்கு என்ன கலர் அடிக்க?"

4

இனிச் சொல்லப்போவதை சுசித்ரா என்னிடம் அந்தச் செத்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னாள். அன்னக்கொடியும் கூட இருந்தார்.

"வெற்றிடம் இருந்தா மென்பொருள் ஏத்துக்காது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூணுல ஒரு பதில் வேணும். கெடு நெருங்குச்சு. அக்கா விட்ட இடத்தையெல்லாம் நான் களைன்னு போட்டு நிரப்பிட்டேன். முந்நூத்திப் பன்னெண்டு படம். ஒரு நாள் வேலை."

மங்கலாக எது தெரிந்தாலும் அது களைதான் என்று குட்டி மாடல் கற்றுக்கொண்டது. வெயிலில் அதன் மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்று. அதாவது, அன்னக்கொடி தீட்டியதோடு அது தீட்டுவது அந்த அளவுக்குப் பொருந்தும். மேகத்தில் ஐம்பத்து நான்கு. ஜூலையில் சோதனைக்கு ஓட்டிய அன்று, மூன்றாவது படியில் மேகம் இறங்கியிருந்தது.

அன்னக்கொடி அவள் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்க்கா."

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்?"

"வெத்தாவே விடுன்னு சொல்லிருப்பீங்க."

"அதத்தான் அப்பவே சொன்னேன்."

வயலுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறினால்தான் போன் பேச முடியும். மூவரும் ஏறினோம். கம்பெனித் தலைவர் ராஜேஷ்குமாரை அழைத்து, குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, சுசித்ரா நடந்ததைச் சொன்னாள். மேகப் படங்களை வைத்து மறுபடி பழக்க வேண்டும், மூன்று மாதம் வேண்டும் என்றாள்.

"மூணு மாசமா? ஆகஸ்ட்ல டெமோ. வண்டி வாங்க பயர்ஸ் வராங்க. அந்த ஃபாக் படத்தையெல்லாம் டெஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க சுசித்ரா. மாடல் இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும். தொண்ணூத்தொண்ணு நல்ல நம்பர்."

"சார், இங்க வருசத்துல பாதி நாள் மேகம்தான்."

"மேகத்துல ஓட்டாதீங்கன்னு மேனுவல்ல சின்ன எழுத்துல போட்டுக்கலாம்."

அன்னக்கொடி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "மேகத்துல களை வளராம சும்மா இருக்குமாங்க?"

"யாருங்க அது?"

"வயலுக்காரிங்க. வெற்றிக் கதைக்குச் சம்மதம்னு ஒரு பேப்பர் குடுத்தனுப்பி கையெழுத்துக் கேட்டிருந்தீங்கள்ல? செத்துப்போனது வெற்றின்னா சொல்லுங்க, இப்பவே போடுறேன்."

சிக்னல் போய்விட்டது. உண்மையாகவே போயிற்றா, அவர் வைத்துவிட்டாரா என்பது இந்தக் கதைக்குத் தெரியாது.

5

இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. இதுவரை எழுதியதை அன்னக்கொடிக்குப் படித்துக் காட்டினேன். முதல் வடிவத்தில் நான்காம் பகுதியின் முடிவு இப்படி இருந்தது:

[அன்னக்கொடியின் கண்கள் கலங்கின. முந்தானையால் துடைத்துக்கொண்டு அவர் செத்த பூண்டை—]

"நிறுத்துங்க" என்றார். "நான் எப்ப அழுதேன்?"

"அழலதான். படிக்கிறவங்களுக்கு மனசுல படணுமேன்னு..."

"கோவத்துல நின்னவளக் கொண்டுபோய் அழ வைக்கிறீங்க. அந்தக் கம்பெனிக்காரரு சிரிக்க வச்சாரு. ரெண்டும் ஒண்ணுதான். எடுங்க அத."

எடுத்துவிட்டேன். முந்தானையோடு.

ராஜேஷ்குமாரைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் காப்பி குடித்தபடி உத்தரவு போடுகிறவராக முதலில் எழுதினேன். "சார் அப்படி இல்ல" என்றாள் சுசித்ரா. வழியில் கவுஞ்சிக்குப் பக்கத்தில் ஜீப் சேற்றில் சிக்கிய அன்று, முதல் வண்டியைக் கழற்றிப் பாதியைத் தன் தோளில் சுமந்து வந்தவர் அவர். பூண்டுப் பெண்கள் முதுகு வளையக் களை பிடுங்குவதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கியவர். அந்தக் கண்ணாடிச் சுவரையும் எடுத்துவிட்டேன். ஆனால் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதை எடுக்க மாட்டேன். அது அவர் வாயால் சொன்னது.

6

ஆகஸ்ட். டெமோ நாள். சமவெளியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். வண்டிகளை மொத்தமாக வாங்கி ஊர் ஊராக வாடகைக்கு விடுவது அவர்கள் திட்டம். தலைமை, ஜோதிமணி என்ற ஐம்பது வயது அம்மாள். மப்ளரைக் காதோடு சுற்றியிருந்தார், அதிகம் பேசவில்லை. வெற்றிக் கதை எழுதுகிறவள் என்ற பெயரில் நானும் ஓரமாக நின்றேன்.

பதினொரு மணிக்கு நல்ல வெயில். சுசித்ரா மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டுநீலத்தைக் கலந்து ஊற்றினாள். எங்கே தெளிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. முதல் படியில் வண்டி போய் வந்தது. புல்லெல்லாம் நீலம், பூண்டு பச்சையாகவே நின்றது. கைதட்டினார்கள். ராஜேஷ்குமார் முகம் மலர்ந்தது. எனக்கேகூட அந்த நிமிடம் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

"சரிங்க, வண்டிய ஜீப்ல ஏத்திடலாம்" என்றார் அவர்.

அன்னக்கொடி வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. மேகம் வரட்டும்."

"அம்மா, அவங்களுக்கு நேரமாகுதுங்க. வெரசா கெளம்பணும்."

"வெயில்ல ஓடுனதப் பாத்துட்டாங்க. மேகத்துல ஓடுறதையும் பாத்துட்டுப் போகட்டும். என் வயலுதான? நான் டீ போடுறேன்."

"அதெல்லாம் டெமோல இல்லைங்க."

"என் பூண்டுல இருந்துச்சுல்ல?"

ராஜேஷ்குமார் ஜோதிமணியைப் பார்த்தார். அந்த அம்மாள் வரப்புக் கல்லில் மெதுவாக உட்கார்ந்தார். "டீ குடிக்கலாம்" என்றார். அவர் உட்கார்ந்ததும் மற்ற ஐவரும் உட்கார்ந்தார்கள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். [இந்த இடத்தில் மேகத்தைப் பற்றி அழகாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். பூண்டு இலைகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பற்றி. நன்றாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.] மேகம் வந்தது. எதிர் வரிசை தெரியவில்லை.

ராஜேஷ்குமார் சுசித்ராவின் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "இத ஸ்டார்ட் பண்ணினீங்கன்னா, நாளைக்கு ஆபீஸ் வர வேண்டாம்."

சுசித்ரா என்ன செய்கிறாள் என்று நான் பார்த்தேன். பொத்தானை அழுத்தினாள்.

இரண்டாம் படியில் வண்டி போன வழியெல்லாம் பூண்டு நீலமாயிற்று. புல்லும் நீலம், பூண்டும் நீலம்.

"வெயில்ல தொண்ணூத்தொண்ணு" என்றாள் சுசித்ரா. "மேகத்துல அம்பத்தி நாலு. அதுக்குக் காரணம் மெஷின் இல்ல. இவங்க தெரியலைன்னு விட்ட இடத்துல நான் பொய்ப் பதில் எழுதினேன்."

ஜோதிமணி எழுந்து போய் ஒரு நீல இலையைத் தொட்டுப் பார்த்தார். "தெரியலைங்கிறத அப்படியே சொல்லிக் குடுத்தா என்னாகும்?"

"நாலாவதா ஒரு பதிலா வைக்கலாம் மேடம். அந்த இடத்துல குழாய் திறக்காது. ஆனா குட்டி மூளை, ஒண்ணு கத்துக்கிட்டா இன்னொண்ணுல கொஞ்சம் விட்டுடும். வெயில்ல தொண்ணூத்தொண்ணு வராது. எண்பத்தாறு வரலாம்."

"அப்ப களை நிக்குமே?"

அன்னக்கொடி முந்திக்கொண்டார். "நிக்கட்டுங்க. புல்லு நின்னா நான் கையால புடுங்கிக்கிறேன். பூண்டு செத்தா யாரு நட்டுக் குடுப்பா?"

அவர்கள் எதுவும் வாங்காமல் கிளம்பினார்கள். சுசித்ராவின் வேலை அன்றோடு போயிற்று.

7

அவள் வேண்டுமென்றேதான் சொட்டுநீலத்தை ஊற்றினாளா? எனக்கு அந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. பழனியில் அவள் அப்பாவின் கடையில் வைத்துக் கேட்டேன். "டெமோல யாரும் நிஜ மருந்து அடிக்க மாட்டாங்க" என்றாள். பிறகு, கற்பூரப் பொட்டலத்தை அடுக்கிக்கொண்டே, "ஆனா மஞ்சள் கலந்திருக்கலாம். செத்த இலை மாதிரி தெரிஞ்சு யாரும் கவனிக்காமப் போயிருப்பாங்க. அது அப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

அன்னக்கொடி அதோடு விடவில்லை. "படம் என் வயலு, கலர் என் கை. அதக் கேட்டு வாங்கணும்" என்றார். வண்ணம் தீட்டத் தொடங்கிய அன்று சுசித்ரா போட்ட ஒப்பந்தத்தில், படங்களின் ஒரு பிரதி விவசாயிக்கும் உரியது என்று ஒரு வரி இருந்தது. அன்னக்கொடி சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். 'தயவுசெய்து' என்று ஒரு இடத்தில் போட்டேன். அடிக்கச் சொன்னார்.

பதிவுத் தபாலில் போன கடிதத்துக்கு மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரு பென்டிரைவ். அதில் இரண்டு தொகுப்புகள். இரண்டாவதன் பெயர் 'நீக்கியவை'. முந்நூற்றுப் பன்னிரண்டும் அதில் இருந்தன, அன்னக்கொடி விட்ட வெற்றிடங்களோடு, சுசித்ரா நிரப்புவதற்கு முந்தைய வடிவத்தில். அதைத் தேடி எடுத்து அனுப்பியவர் ராஜேஷ்குமார்தான். துணைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இப்போது முடிவுக்கு வர வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

[முடிவு அ: ராஜேஷ்குமார் மனம் மாறி மலையேறி வருகிறார். சுசித்ராவை மறுபடி வேலைக்கு அழைக்கிறார். மூவரும் வயலில் நின்று—]

[முடிவு ஆ: அன்னக்கொடி வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிடுகிறார். மண்ணை அறிந்த கைகளை எந்த இயந்திரமும் வெல்ல முடியாது என்று—]

அ நடக்கவில்லை. ஆ-வை ஒரு பத்திரிகை ஆசிரியர் ஆசையாகக் கேட்டார். அன்னக்கொடியிடம் சொன்னேன். "முதுகு வலிக்கிறவளுக்குத்தான் தெரியும். எனக்கு வண்டி வேணும் டீச்சர். ஒழுங்கா வேணும், அவ்வளவுதான்" என்றார். இரண்டையும் அடித்துவிட்டேன். மலையில் இருக்கிறவர்கள் என்றால் ஒன்று நன்றி சொல்ல வேண்டும், இல்லை இயந்திரத்தை வெறுக்க வேண்டும் என்று யார் விதித்தது? இவர் இரண்டும் செய்ய மாட்டார். நானும் செய்ய வைக்க மாட்டேன்.

8

டிசம்பர். வெள்ளனே, முதல் பஸ்ஸிலேயே, கிளாவரைக்கு வந்துவிட்டேன். சுசித்ரா தானே ஒரு வண்டி கட்டியிருக்கிறாள். சைக்கிள் சக்கரம், பழைய தெளிப்பான் தொட்டி, கைபேசியில் இருப்பதைப் போன்ற ஒரு கேமரா, அந்தச் சில்லு. நான்கு பதில் சொல்லும் குட்டி மாடலை மூன்று மாதம் பழக்கினாள். வெயில் படங்களில் எண்பத்தாறுதான். மேகப் படங்களில் மூன்றில் ஒரு பங்கை வெற்றாக விட்டுவிடுகிறது, மிச்சத்தில் எண்பத்து மூன்று. இவையெல்லாம் கணினியில் வந்த எண்கள். நிஜ வயலில் இன்னும் ஒரு முறையும் ஓடவில்லை.

இந்த முறை தொட்டியில் நிஜ மருந்து. நீலத் தண்ணீரே போதும் என்று சுசித்ரா கெஞ்சினாள். அன்னக்கொடி கேட்கவில்லை. "தப்பாப் போனா நாலு வரிச போகட்டும். தெரிஞ்சுக்கணும்ல?" மூன்றாவது படியில் புதிதாக நட்ட பூண்டு ஒரு சாண் உயரம் நிற்கிறது. மேகம் இறங்கியிருக்கிறது.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். ஓட்டு."

நான் வரப்பில் நின்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டி நேராகப் போக வரிசையோரம் ஒரு கயிறு கட்ட வேண்டுமாம். ஒரு முனையைப் பொன்னுவேல் பிடித்திருக்கிறார். மேகத்தில் அவர் என் கண்ணுக்குத் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்கிறது.

"டீச்சர், எழுதுனது போதும். இந்த முனையப் பிடிங்க. ரெண்டு கையாலயும்."

"ஒரு நிமிசம், முடிவ மட்டும்..."

"ரெண்டு கையாலயும்னேன்."

கயிறு ஈரமாக இருக்கிறது. நோட்டை மூடப்போகிறேன். இதற்கு மேல் எழுத என்னிடம் கை இல்லை. உங்களிடம் இருக்கிறது.